சீறும் நீரைத் தணிக்கும் வால்வுகளும் கணிப்பொறியும்

அணை என்றவுடன் நெடிய மதிற்சுவரும் நீர்ப்பரப்புமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. தேக்கிய நீரைத் தீங்கின்றி வெளியேற்றுவது, தேக்குவதினும் அரிய பணியாகும். அப்பணியில் வால்வுகள் ஆற்றும் தொண்டினையும், அவற்றை வடிவமைப்பதில் கணிப்பொறி துணைபுரியும் முறையினையும் இங்குக் காண்போம்.

உயரம் தரும் வேகம்

நூறு மீட்டர் உயரத்திற்குத் தேங்கிய நீர் அடிக்குழாய் வழியே வெளிப்படும்போது, உராய்வால் ஏற்படும் இழப்பைக் கருதாவிடின், நொடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர் வேகம் பெறும். அஃதாவது மணிக்கு 160 கிலோமீட்டர்! நொடிக்கு 50 கனமீட்டர் நீர் இவ்வாறு பாயுமாயின், அதன் திறன் ஏறத்தாழ 49 மெகாவாட் ஆகும். சுழலியின் வழியே சென்றால் இவ்வாற்றல் மின்சாரமாகும். கட்டின்றி விடப்பட்டாலோ ஆற்றுப்படுகையைக் குடையும், கரையை அரிக்கும், அணையின் அடித்தளத்திற்கே ஊறு விளைவிக்கும்.

கூம்பு வால்வு

இவ்வாற்றலைத் தணிக்கப் பயன்படுவனவற்றுள் ஒன்று நிலைக்கூம்பு வால்வு. அமெரிக்கப் பொறியாளர்களான ஹாவல், பங்கர் ஆகியோரின் பெயரால் இஃது 'ஹாவல்-பங்கர் வால்வு' எனவும் வழங்கும். குழாயின் வாயில் ஒரு கூம்பு அசையாது பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனை நீர் வரும் திசையை நோக்கியிருக்கும். குழாயையும் கூம்பையும் சில தகடுகள் இணைக்கும். வெளிப்புறத்தே உள்ள உருளை உறை பின்னோக்கி நகர, இடைவெளி திறக்கும். நீர் விரித்த குடைபோல நாற்புறமும் பரந்து, காற்றோடு கலந்து, துளிகளாகச் சிதறி வலுவிழந்து வீழும்.

எளிதாகத் தோன்றும் இவ்வமைப்பிலும் இடர்கள் உள. வேகம் மிகுமிடத்து அழுத்தம் குறையும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்களவுக்கு அழுத்தம் தாழ்ந்தால் நீர் ஆவிக்குமிழிகளாக மாறும். அவை அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்து நொறுங்குகையில் எஃகையும் கற்காரையையும் குழிக்கும். 1983ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது, அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிலுள்ள கிளென் கேன்யன் அணையின் உபரிநீர்ச் சுரங்கங்களில் இவ்வகை அரிப்பு கற்காரையைப் பெயர்த்துப் பாறையையும் குடைந்தது. வால்வுகளிலோ, இவ்வரிப்போடு தகடுகள் அதிர்ந்து விரிசலுறும் அபாயமும் உண்டு.

மாதிரியும் கணிப்பும்

முற்காலத்தில் சிறிய மாதிரிகளைக் கொண்டே இவற்றை ஆய்ந்தனர். இருபத்தைந்தில் ஒரு பங்களவான மாதிரியில் நீரின் வேகம் ஐந்தில் ஒரு பங்காகும். ஆனால் காற்றுக் கலப்பு அதே விகிதத்தில் அமைவதில்லை. ஆவிக்குமிழிகளும் இயல்பாகத் தோன்றுவதில்லை.

இக்குறையை ஈடுசெய்ய வந்ததே கணிப்பொறி ஒப்புருவாக்கம். பாய்மங்களின் இயக்கத்திற்கு நேவியர் 1822லும் ஸ்டோக்ஸ் 1845லும் வகுத்த சமன்பாடுகளே இதன் அடிப்படை. வால்வின் உள்ளிடத்தை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணிப்பொறி கணக்கிடும். நீரும் காற்றும் கலக்குமிடத்தில், ஒரு கட்டத்தில் எத்துணைப் பங்கு நீர் என்பதைப் பின்தொடரும் முறையை ஹெர்ட், நிக்கோல்ஸ் ஆகியோர் 1981இல் வெளியிட்டனர். கொந்தளிப்பின் நுண்சுழல்கள் அனைத்தையும் கணக்கிடுதல் இயலாமையின், அவற்றின் சராசரி விளைவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

இதனால் உறையின் திறப்பையும் காற்றுவழியின் அளவையும் மாற்றி மாற்றி, இரும்பை வெட்டுமுன்னரே விளைவை அறியலாம். எவ்விடத்தில் அழுத்தம் வீழ்கிறது, எத்தகட்டின்மீது விசை மிகுகிறது என்பன புலனாகும்.

எனினும், வண்ணப்படத்தின் அழகு விடையின் உண்மைக்குச் சான்றாகாது. கட்டங்களை மேலும் நுணுக்கினால் விடை மாறுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். மாதிரியிலும் அணையிலும் அளந்த அளவுகளோடு ஒப்பிடல் வேண்டும். கணிப்பொறி விரைவாகக் கணக்கிடும். சரிபார்க்கும் பொறுப்போ மனிதனுடையது. அணைக்குக் கீழே வாழும் மக்களின் உயிரும் உடைமையும் அப்பொறுப்பையே நம்பியுள்ளன என்பதை நம் மாணவர்கள் நெஞ்சிற் கொள்வார்களாக.