முன்னால் போகிறவர்

வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஹா ஜியாங் மலைநாடு. அங்கே மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. மறுபக்கம், பல நூறு மீட்டர் கீழே, பச்சை நிறத்தில் நோ குவே ஆறு. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இன்று காலை முதல் மாலை வரை மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. பல வண்டிகளில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவர் அந்த மலையிலேயே பிறந்த மோங் அல்லது டாய் இன இளைஞர். பின்சீட்டில் இருப்பவர் வெளிநாட்டுப் பயணி. முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் வந்த வெளிநாட்டவர் தன் வண்டியைத் தானே ஓட்டினார். அவருக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனவர் பெரும்பாலும் ஹனோயிலிருந்து கூடவே வந்தவர்.

சாலை மாறியதையும் வண்டி மாறியதையும் விட, முன்னால் போகிற ஆள் மாறியதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

சாலையின் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. ஹா ஜியாங் நகரிலிருந்து டோங் வான் வழியாக மேயோ வாக் வரை போகும் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் பாதைக்கு ‘மகிழ்ச்சிச் சாலை’ என்று பெயர். 1959-இல் வேலை தொடங்கி 1965-இல் முடிந்தது. வடக்கு மாகாணங்களிலிருந்து திரண்டு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களும் மலைமக்களும் கடப்பாரை, சம்மட்டி, வெடிமருந்து இவற்றை வைத்தே பாறையை உடைத்தார்கள். மா பி லெங் பகுதியில் நிற்பதற்கே இடமில்லை. இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் தொங்கியபடி, மாதக்கணக்கில் அங்குலம் அங்குலமாகக் குடைந்தார்கள். அந்த வேலையில் இறந்தவர்களின் கல்லறைகள் யென் மின்னில் இருக்கின்றன. சுற்றுலாவுக்காகப் போட்ட சாலை அல்ல இது. அதற்கு முன் அந்த மேட்டுநிலத்து மக்கள் உப்புக்கும் சந்தைக்கும் கால்நடையாகவும் குதிரையிலும்தான் போய்வந்தார்கள். அவர்கள் கீழே இறங்கவும், மருந்தும் பள்ளியும் மேலே ஏறவும் வெட்டிய வழி.

சாலை போட்ட பிறகும் வெளியாட்கள் வர நெடுங்காலம் ஆயிற்று. 1979-இல் சீனப் படை எல்லை தாண்டி வந்தது. அந்தப் போர் சில வாரங்களில் ஓய்ந்தாலும், ஹா ஜியாங்கின் வி சுயென் பகுதியில் 1980-கள் நெடுகப் பீரங்கிச் சண்டை நடந்தது. நாடு பொருளாதாரக் கதவைத் திறந்தது 1986-இல். இந்த மலைக்கு அந்நியர் வரத் தொடங்கியதோ 1990-களில்தான்.

அப்படி வந்தவர்களைச் சுமந்தது மின்ஸ்க். பெலாரஸில் செய்த 125 சிசி, டூ ஸ்ட்ரோக் வண்டி. சோவியத் உறவில் வியட்நாமுக்குள் ஏராளமாக இறங்கி, விறகும் பன்றியும் நெல்மூட்டையும் சுமந்துகொண்டிருந்தது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அளவு கூடினால் பிளக் கறுத்து வண்டி நிற்கும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நம்மூரில் ராஜ்தூத்தும் ஆர்எக்ஸ் 100-ம் ஓட்டியவர்களுக்கு இந்தப் புகை மணம் தெரியும். மின்ஸ்க்கின் பெருமை அது பழுதாகாது என்பதில் இல்லை. பழுதானால் எந்த மலைக்கிராமத்திலும் ஒரு ஸ்பானரும் கம்பித் துண்டும் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்பதில் இருந்தது.

ஆகவே அன்றைய வழிகாட்டி முதலில் ஒரு மெக்கானிக். சேறு படிந்த கார்புரேட்டரைச் சாலையோரத்தில் பிரித்து, ஊதி, மாட்டத் தெரிந்தவர். அடுத்து அனுமதிச் சீட்டு வாங்குபவர். எல்லைப் பகுதிக்குள் போக வெளிநாட்டவர் தனி அனுமதி பெற்றாக வேண்டும். மூன்றாவதாக, பேசிச் சமாளிப்பவர். தங்குவதற்கு விடுதி அரிது. இரவானால் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, இடம் கேட்டு, சோற்றுக்கு வழி செய்ய வேண்டும். ஆனால் அங்கே அவருக்கும் ஓர் எல்லை இருந்தது. அவர் பேசியது சமவெளியின் வியட்நாமிய மொழி. மோங் வீட்டுப் பாட்டி பேசியதில் பாதி அவருக்கும் புரியாது. பயணிக்கு மலையை விளக்கிச் சொன்னவர் மலைக்கு விருந்தாளியாக வந்தவர்தான். அவருடைய துணிவையும் கைத்திறனையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. மண்சரிவு விழுந்த வழியில் வண்டியைத் தோளில் தூக்கிக் கடத்தியவர்கள் அவர்கள். ஆனாலும் அவர்களால் பயணியை ஒரு வாசல்வரைதான் கூட்டிப்போக முடிந்தது.

பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகும் வழக்கம் வடக்கில் பிறந்ததல்ல. தெற்கே, மத்திய மேட்டுநிலத்தின் டா லாட் நகரில், 1990-களில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சிலர் முதுகுப்பைப் பயணிகளை ஏற்றிக்கொண்டு காப்பித் தோட்டங்களையும் பழங்குடிக் கிராமங்களையும் காட்டினார்கள். ‘ஈஸி ரைடர்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் பிறகு நாடெங்கும் பரவியது. 2008 இறுதியில் பிபிசியின் ‘டாப் கியர்’ குழு சைகோனிலிருந்து ஹா லாங் வரை மோட்டார் சைக்கிளில் போன நிகழ்ச்சி ஒளிபரப்பானது. வியட்நாமை இருசக்கரத்தில்தான் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகு பெருகியது. 2010-இல் டோங் வான் பாறை மேட்டுநிலம் உலகப் புவிப்பூங்கா வலையமைப்பில் சேர்ந்தது. தார் நல்லதானது. கைப்பேசி வரைபடம் வந்தது. ஹனோயிலிருந்து இரவுப் பேருந்தில் படுத்தால் விடியுமுன் ஹா ஜியாங். காலை உணவு முடிந்ததும் ஹெல்மெட், முழங்கால் காப்பு, ஹோண்டா எக்ஸ்ஆர்150, புறப்பாடு. மூன்று பகல் இரண்டு இரவு, அல்லது நான்கு பகல் மூன்று இரவு. குவான் பா, யென் மின், டோங் வான், மேயோ வாக், டூ ஜியா என்று சுற்றி வந்துவிடலாம்.

வழி கண்டுபிடிக்கவும் வண்டியைப் பிரித்து மாட்டவும் இன்று வழிகாட்டி தேவையில்லை. அப்படியானால் அவர் வேலை சுருங்கிவிட்டதா? இல்லை, வேறு இடத்தில் வளர்ந்திருக்கிறது.

அந்த மேட்டுநிலத்தில் மண் குறைவு. பாறை இடுக்குகளில் கூடையால் மண் சுமந்து நிரப்பி, குழிக்குக் குழி மக்காச்சோளம் ஊன்றுகிறார்கள். மழை நீர் சுண்ணாம்புப் பாறை வழியே கீழே இறங்கிவிடும். வறண்ட மாதங்களில் குடிநீருக்கே திண்டாட்டம். இப்படியொரு நிலத்தில் பிறந்த பையனுக்கு வருமானம் என்றால் சமவெளித் தொழிற்சாலைக்கோ எல்லை தாண்டியோ போக வேண்டியிருந்தது. இன்று அவன் தன் ஊர்ச் சாலையிலேயே சம்பாதிக்கிறான். எந்த வளைவில் பகலெல்லாம் வெயில் படாமல் ஈரம் நிற்கும், எந்த முனையில் லாரி ஹாரன் அடிக்காமல் திரும்பும், எந்த வாரச் சந்தைக்கு எருமை ஓட்டிவருவார்கள் என்பதெல்லாம் அவன் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல. ஆங்கிலத்தை விருந்தினர்களிடமிருந்தே பழகிக்கொள்கிறான். வீட்டுப் பாட்டி சொல்வது அவனுக்கு முழுதும் புரியும். பழைய வழிகாட்டி நின்ற வாசலைத் தாண்டி உள்ளே கூட்டிப்போக அவனால் முடியும். இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். சாலை யாருக்காக வெட்டப்பட்டதோ, அவர்களுடைய பேரன்மார் அதில் முன்னால் போகிறார்கள்.

வருத்தமும் உண்டு. உள்ளே கூட்டிப்போகத் தெரிந்தவனுக்குக் கூட்டிப்போக நேரம் தருவதில்லை. இருபது முப்பது வண்டிகள் ஒரே கூட்டமாகக் கிளம்புகின்றன. குறித்த இடத்தில் நிறுத்தம், குறித்த கோணத்தில் படம், பிறகு அடுத்த இடம். தாம் மா வளைவுகளில் மோங் குழந்தைகள் பூக்கூடை சுமந்து, படத்துக்கு நின்று காசு வாங்குகிறார்கள். அந்தக் காசு அவர்களைப் பள்ளியிலிருந்து இழுக்கிறது. இரவில் ஹோம்ஸ்டேயில் மக்காச்சோளச் சாராயம் சுற்றுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு சின்னக் கிண்ணம் கொடுப்பது அந்த மக்களின் மரியாதை. அது இன்று நள்ளிரவு வரை நீளும் ஆட்டமும் பாட்டுமாகிவிட்டது. மறுநாள் காலை ஓட்ட வேண்டியவனும் சில இடங்களில் அந்த வட்டத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. இதைச் சும்மா விடக்கூடாது. பின்சீட்டில் ஓர் உயிர் இருக்கிறது, முன்சீட்டிலும் ஓர் உயிர் இருக்கிறது.

தானே ஓட்டுகிறேன் என்று வருகிறவர்கள் இன்னொரு கவலை. வண்டியே ஓட்டிப் பழகாதவர்கள் கூட முதல் பாடத்தை இந்த மலையில் படிக்க வருகிறார்கள். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமம் கட்டாயம். வெளிநாட்டவர் வைத்திருக்க வேண்டியது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி அமைந்த பன்னாட்டு அனுமதி, அதிலும் மோட்டார் சைக்கிள் பிரிவு. 1949 உடன்படிக்கையின் அனுமதி அங்கே செல்லாது. சமீப ஆண்டுகளில் போலீஸ் வழிமறித்துச் சோதிப்பது கூடியதால்தான் பலர் பின்சீட்டுக்கு மாறினார்கள். நல்லதுதான்.

மலையும் முன்போல் இல்லை. சாலையை அகலப்படுத்தச் சரிவுகளை வெட்டுகிறார்கள். கனமழையும் அடிக்கடி வருகிறது. 2024 ஜூலையில் பாக் மே பகுதியில் மண்சரிவு ஒரு சிற்றுந்தை மூடி 11 பேர் இறந்தார்கள். “இன்று போக வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் வழிகாட்டிக்கு வேண்டும். அன்றைய ஹனோய் வழிகாட்டிக்கு அது இருந்தது; வானம் கறுத்தால் பயணம் நின்றது, எத்தனை நாள் ஆனாலும். இன்றைய இளைஞனுக்குத் திரும்பும் பேருந்தின் நேரம் முன்பே குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூலையில் ஹா ஜியாங் மாகாணம் துயென் குவாங்கோடு இணைந்தது. விரைவுச்சாலையும் வருகிறது. ஹனோய் இன்னும் கிட்டத்தில் வரும், கூட்டம் இன்னும் கூடும்.

போக நினைப்பவர்கள் முன்பதிவின்போது நான்கைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு குழுவில் எத்தனை வண்டி? ஓட்டுகிறவர் எந்த ஊர்க்காரர்? அவருக்கு நாட்கூலி எவ்வளவு, மழையால் நின்றால் அந்த நாளுக்கும் உண்டா? டூ ஜியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்க, கையில் ஒரு நாளாவது உபரியாக வைத்துக்கொண்டு போக வேண்டும்.