இலவச சாஃப்ட்வேர் சரி, ராத்திரி ஒன்பதரைக்கு யார் முழிச்சிருப்பா?

இன்னைக்கு பேசப்போறது சிஎம்எஸ் பத்தி. அதாவது, கோடு எழுதத் தெரியாதவங்களும் ஒரு வெப்சைட்ல தகவல் போட உதவுற சாஃப்ட்வேர். பெரிய நிறுவனம் ஒண்ணு ஓப்பன் சோர்ஸ்ல இதைத் தேர்ந்தெடுக்கணும்னா எதைப் பார்க்கணும்?

நைனார்பாளையத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். அங்க ஒருத்தருக்கு மாவட்ட நிர்வாகத்துல ஏதாவது வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கான்னு தெரியணும். 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி, விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. புது மாவட்டம்னா புது கலெக்டர், புது எஸ்.பி., கூடவே புது வெப்சைட். கடைசியா சொன்னதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல.

அந்த சைட் ஓடுறது என்.ஐ.சி.யோட எஸ்-த்ரீ-வாஸ் தளத்துல. நாடு முழுக்க மாவட்ட சைட்டுகளுக்கு இதுதான் பொதுவான தளம். கள்ளக்குறிச்சியையும் சேலத்தையும் அடுத்தடுத்து திறந்து பாருங்க, ஒரே தறியில நெய்த மாதிரி இருக்கும். உள்ள எட்டிப் பார்த்தா வேர்ட்பிரஸ்! நீங்க காலேஜ்ல பிளாக் எழுத வச்சிருந்த அதே சாமான்.

அப்போ என்ன வித்தியாசம்? சாவி யார்கிட்ட இருக்குங்கிறதுதான்.

இன்னொரு பெரிய ஓப்பன் சோர்ஸ் சிஎம்எஸ் ட்ரூபல். 2014 அக்டோபர் 15ஆம் தேதி அதுல ஒரு பயங்கரமான ஓட்டை இருக்குன்னு அறிவிச்சு, கூடவே பேட்சும் கொடுத்தாங்க. நம்ம நேரப்படி ராத்திரி ஒன்பதரை மணி. ரெண்டு வாரம் கழிச்சு அதே டீம் சொன்னது: ஏழு மணி நேரத்துக்குள்ள பேட்ச் போடாத ட்ரூபல் 7 சைட் எல்லாமே ஹேக் ஆயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. அதாவது விடிகாலை நாலரைக்குள்ள. எந்த மாவட்ட ஆபீஸ்ல அந்த நேரத்துக்கு ஆள் இருப்பாங்க? ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியா சைட் வச்சிருந்தா, ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தர் முழிச்சிருக்கணும். ஒரே தளம்னா ஒரு டீம் போதும். அதுக்கு விலை, இஷ்டப்பட்ட டிசைனும் பிளகினும் கிடைக்காது. என்னைக் கேட்டா, கொடுக்கலாம்.

அடுத்து ஆயுசு. ட்ரூபல் 7 வந்தது 2011 ஜனவரி; ஆதரவு நின்னது 2025 ஜனவரி. பதினாலு வருஷம், நல்ல ஆயுசுதான். ஆனா அதுல இருந்து 8க்கு மாறுறது அப்டேட் இல்ல, கிட்டத்தட்ட வீட்டை இடிச்சு கட்டுற வேலை. டெண்டர்ல சாஃப்ட்வேர் விலை பூஜ்யம்னு போட்டவங்க இந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதினாங்களோ!

வேர்ட்பிரஸ்லயும் சிக்கல் இருக்கு. 2024 செப்டம்பர்ல மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் கம்பெனிக்கும் சண்டை முத்தி, அந்தக் கம்பெனியோட சர்வர்களுக்கு அப்டேட் வர்ற வழியை அடைச்சாங்க. டிசம்பர்ல அமெரிக்க கோர்ட் சொல்லித்தான் திறந்தாங்க. லைசன்ஸ் ஜி.பி.எல்., கோடை யாரும் பிடுங்க முடியாது. ஆனா தண்ணி வர்ற குழாய் ஒருத்தர் கையில இருந்துச்சு. அதனால அப்டேட் எங்கிருந்து வருது, அது நின்னா மாற்று வழி என்னன்னு கேளுங்க.

இதெல்லாம் தேறினாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கு. வெண்டர் காட்டுற டெமோவை விடுங்க. தினமும் தகவல் போடப்போற கிளார்க்கை உக்கார வச்சு, ஒரு தமிழ் அறிவிப்பை அவங்களே டைப் பண்ணி போடச் சொல்லுங்க. கஷ்டமா இருந்தா என்ன செய்வாங்க தெரியுமா? பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் பண்ணி, பி.டி.எஃப்.பா ஏத்திடுவாங்க. அது வெறும் படம். நைனார்பாளையத்துல அந்த ஆள் போன்ல தமிழ்ல தேடினா, அறிவிப்பு சைட்ல இருந்தும் அவர் கண்ணுல படாமலே கடைசி தேதி போயிடலாம்.