குதிரையின் மூச்சுக்கு அளந்த சாலை

கணவாய் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது பெரும்பாலும் பாலக்காட்டுக் கணவாயாக இருக்கும்: மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று முறிந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து, காற்றையும் ரயிலையும் சமதளத்திலேயே உள்ளே விடுகிற இடம் அது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. பிரான்சிலிருந்து ஸ்லோவேனியா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கும் அம்மலைத்தொடரில், கணவாய் என்பது இரு சிகரங்களுக்கு நடுவே மலைமுதுகு சற்றே தாழ்ந்து சேணம்போல் அமைந்த இடம். அந்தத் தாழ்வான இடமே பல வேளைகளில் நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கும், ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும். இத்தகைய கணவாய்களைக் கோடைதோறும் நடந்தும் மிதிவண்டியிலும் கடப்பவர்கள் ஏராளம். உடல் வலிமையைச் சோதிக்கும் விளையாட்டாகவே இது பலருக்கும் தோன்றினாலும், அந்தப் பாதைகள் யாருக்காக, எந்த வேகத்துக்காக அமைக்கப்பட்டன என்பதை அறிந்தால் அதன் பொருள் வேறாகத் தெரியும்.

இதைத் தெளிவாகக் காட்டும் கணவாய் சுவிட்சர்லாந்தின் நடுவில் உள்ள கோட்ஹார்ட். அதன் உயரம் 2,106 மீட்டர். வடக்கே ஜெர்மன் மொழி பேசும் ஊரி மாநிலம், தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிச்சீனோ மாநிலம். கணவாயின் வடசரிவில் இறங்கும் நீர் ராய்ஸ் ஆற்றில் சேர்ந்து, ரைன் நதி வழியாக வடகடலை அடைகிறது. தென்சரிவில் இறங்கும் நீர் டிச்சீனோ ஆறாகிப் போ நதியில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. வடக்கிலிருந்து தெற்கே செல்வோர் ஆல்ப்ஸின் பிற பகுதிகளில் பல இடங்களில் இரண்டு மலைமுதுகுகளை ஏறி இறங்க வேண்டியிருக்க, இங்கே ஒரே ஏற்றத்தில் கடந்துவிடலாம் என்பதே கோட்ஹார்ட்டின் தனிச்சிறப்பு. ஆனாலும் பல நூற்றாண்டுகள் அது பெரும் வழியாகவில்லை. கணவாய்க்கு வெகு கீழே, கோஷெனென், ஆண்டர்மாட் என்னும் இரு ஊர்களுக்கு நடுவே, ராய்ஸ் ஆறு கருங்கல் மலையை அறுத்துக்கொண்டு பாயும் ஷோலெனென் என்ற இடுக்கு வழியை அடைத்துக் கிடந்ததே அதற்குக் காரணம்.

13ஆம் நூற்றாண்டில் அந்த இடுக்கின் மீது ஒரு பாலமும், செங்குத்துப் பாறையை ஒட்டி மரத்தாலான ஒரு நடைமேடையும் அமைந்த பிறகே கோட்ஹார்ட் ஐரோப்பிய வணிகத்தின் வழியாயிற்று. மனிதரால் முடியாத வேலை என்று மக்கள் எண்ணியதாலோ என்னவோ, அது சாத்தான் கட்டிய பாலம் என்ற கதை பிறந்தது. பாலத்தை முதலில் கடக்கும் உயிர் தனக்கே என்று சாத்தான் நிபந்தனை விதித்ததாகவும், ஊரார் ஓர் ஆட்டுக்கடாவை முன்னால் விரட்டி விட்டதாகவும், ஏமாந்த சாத்தான் பாலத்தை நொறுக்கப் பெரும்பாறை ஒன்றைத் தூக்கி வந்து கீழே போட்டுவிட்டுப் போனதாகவும் அக்கதை சொல்கிறது. கோஷெனென் அருகே கிடந்த அந்தப் பாறையை, புதிய நெடுஞ்சாலைக்கு இடையூறாக இருந்ததால், 1977இல் 127 மீட்டர் தள்ளி நகர்த்தி வைத்தார்கள். உடைத்தெறியாமல், ஒரு கதைக்காக 220 டன் கல்லை இடம் மாற்றிய அந்தச் செயலில் ஊராரின் மனம் தெரிகிறது. பாலத்தை அடுத்து, 1708இல் பாறையைக் குடைந்து முடித்த 64 மீட்டர் நீளக் குகைவழி ஒன்றும் உள்ளது. போக்குவரத்துக்காக ஆல்ப்ஸில் குடையப்பட்ட முதல் சுரங்கப்பாதை என்று அதைச் சொல்வார்கள். பாலத்தருகே பாறையில் செதுக்கிய பெரிய சிலுவை, 1799இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து இவ்வழியே வந்த ரஷ்யத் தளபதி சுவோரோவின் வீரர்களுக்கான நினைவுச் சின்னம். காரில் வருவோர்க்கு இவையனைத்தும் சில வினாடிகளில் கடந்துபோகும். நடந்து வருபவரோ ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் வருபவரின் பேச்சுகூடக் கேட்காமல், பழைய பாலத்துக்கு ஏன் சாத்தானின் பெயர் வந்தது என்பதைக் காதாலேயே உணர்ந்துகொள்வார்.

ஆண்டர்மாட்டைத் தாண்டி ஹோஸ்பென்டல் என்ற சிற்றூரில் ஏற்றம் மீண்டும் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டு வரை இங்கே வண்டிச்சாலை கிடையாது; கோவேறு கழுதைகளின் முதுகில் பொதியேற்றிச் செல்லும் தொழிலாளர்களே தெற்கிலிருந்து திராட்சை மதுவையும் அரிசியையும், வடக்கிலிருந்து பாலாடைக்கட்டியையும் சுமந்து சென்றார்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்களுக்கெனச் சங்கங்கள் இருந்தன. தத்தம் எல்லைக்குள் பாதையைச் செப்பனிடுவதும், பனியில் வழி திறந்து வைப்பதும் அச்சங்களின் பொறுப்பு. விலங்கு ஏறக்கூடிய சரிவு என்றால் போதும் என்பதால், கல் பதித்த அந்தப் பொதிவழி சுற்றிப் போகாமல் நேராகவே ஏறும். கணவாயை இன்று நடந்து கடப்போரின் பாதை பல இடங்களில் அதே பழைய வழிதான்.

சுவிட்சர்லாந்தின் நடைபாதைகளில் நிற்கும் மஞ்சள் கைகாட்டிகளில் ஒரு வழக்கத்தை வெளியூரார் முதல்முறை பார்க்கும்போது வியப்பார்கள்: அவற்றில் தூரம் எழுதியிருப்பதில்லை, நேரம்தான் எழுதியிருக்கும். மலையில் 3 கிலோமீட்டர் என்பது ஒன்றையும் சொல்லாது. 1 மணி 20 நிமிடம் என்றால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாமா என்பது தெரிந்துவிடும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பாறையில் பட்டை தீட்டியிருந்தால் அது கரடுமுரடான மலைப்பாதை என்றும், வெள்ளை, நீலம், வெள்ளை என்றிருந்தால் பனியாற்றையோ செங்குத்துப் பாறையையோ கடக்க நேரும் கடினப் பாதை என்றும் பொருள். ஹோஸ்பென்டலிலிருந்து ஏற ஏற மரங்கள் சிறுத்து மறைந்து, புல்லும், ஜூலையில் பூக்கும் இளஞ்சிவப்பு ஆல்ப்ஸ் ரோஜாப் புதர்களும் மட்டும் மிஞ்சும். ஆளைக் கண்டதும் விசில் அடித்துத் தன் இனத்தை எச்சரித்துவிட்டு வளைக்குள் மறையும் மர்மோட் என்ற பெரிய அணிலினப் பிராணியின் குரல் கேட்கும். உச்சியில் பனியாறு வழித்துச் சென்ற வழவழப்பான கருங்கல் பாறைகளும், அவற்றின் குழிவுகளில் சிறு ஏரிகளும், ஒரு சிற்றாலயமும், வழிப்போக்கர்க்கென எழுந்த சத்திரமும் உள்ளன. 1230இல் மிலான் பேராயர் அந்த ஆலயத்தைப் புனித கோட்ஹார்டின் பெயருக்கு அர்ப்பணித்ததிலிருந்தே கணவாய்க்கு இப்பெயர் நிலைத்தது.

தெற்கே இறங்கும் பக்கம்தான் மிதிவண்டிக்காரர்களின் கனவு. அங்குள்ள பள்ளத்தாக்கின் பெயர் ட்ரெமோலா. நடுக்கம் என்று பொருள் தரும் இத்தாலியச் சொல் அது. 1820களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் அந்தச் செங்குத்துச் சரிவில் ஒரு வண்டிச்சாலையை அமைத்தார்கள். அதை வகுத்த பொறியாளர்கள் எதிர்கொண்ட கேள்வி எளிமையானது: முழுச் சுமையோடு ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு, மூச்சு முட்டி நின்றுவிடாமல், குதிரை மணிக்கணக்கில் ஏறக்கூடிய சரிவு எது? சரிவை விழுக்காட்டில் சொல்வது வழக்கம். 7 விழுக்காடு என்றால் 100 மீட்டர் செல்லும்போது 7 மீட்டர் உயர்கிறோம் என்று பொருள். அடிவாரத்து அய்ரோலோ ஊரிலிருந்து கணவாய் வரை ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தை 13 கிலோமீட்டருக்குப் பரப்பினால் சராசரி அந்த அளவுக்கே வருகிறது. நீளத்துக்கு இடமில்லாத மலைச்சுவரில் அந்த நீளத்தை உண்டாக்கும் வழிதான் நம் மலைச்சாலைகளிலும் பழகிப்போன கொண்டை ஊசி வளைவு. ட்ரெமோலாவில் அத்தகைய வளைவுகள் 24. உயர்ந்த தடுப்புச்சுவர்கள் தாங்க, ஒன்றன்மேல் ஒன்றாக, மடித்து வைத்த நாடாவைப்போல் அவை கிடக்கின்றன. 1842 முதல் அதில் அஞ்சல் வண்டிகள் நாள்தோறும் ஓடின. ஓவியர் ருடால்ஃப் கோலர் 1873இல் தீட்டிய கோட்ஹார்ட் அஞ்சல் வண்டியின் ஓவியத்தில், பாய்ந்து இறங்கும் குதிரைகளுக்கு முன்னால் மிரண்டு ஓடும் ஒரு கன்றுக்குட்டியைச் சுவிஸ் மக்கள் இன்றும் மறக்கவில்லை.

குதிரைக்கு அளந்த அந்தச் சரிவு மனிதக் காலுக்கும் பொருந்திப் போனது தற்செயலே என்றாலும், அதைவிட இனிய தற்செயல் சாலை வரலாற்றில் அரிது. சங்கிலியை முன்புறம் சிறிய பல்சக்கரத்திலும் பின்புறம் பெரிய பல்சக்கரத்திலும் போட்டுக்கொண்டு, மணிக்கு 8 அல்லது 9 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதிக்கும் பழக்கமுள்ளவர் ஒன்றரை மணி நேரத்தில் அய்ரோலோவிலிருந்து உச்சியை அடையலாம். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்பதால், மேலே போகப்போக அதே வேகத்துக்கு அதிகமாக மூச்சு வாங்க வேண்டியிருக்கும். 1951இல் சாலையின் மேற்பகுதியில் சிறு கருங்கற்களைப் பதித்தார்கள். ஒவ்வொரு கல்லும் கைப்பிடி வழியாக மணிக்கட்டில் தெரியும். கைப்பிடியை இறுகப் பற்றுபவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துபோவார். விரல்களைத் தளர்த்தி, டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, பின்சக்கரத்தின் மேல் எடை இருக்குமாறு அமர்ந்து மிதிப்பவருக்கே அந்தக் கற்கள் வழிவிடும். வளைவு வரும்போது உள்விளிம்பு செங்குத்தாகவும் வெளிவிளிம்பு கிட்டத்தட்ட சமமாகவும் இருக்கும். நீளமான குதிரை வண்டி திரும்புவதற்கு விட்ட அந்த அகலத்தில், வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும் மிதிவண்டிக்காரர் நாலைந்து மிதிகளுக்குக் காலுக்கு ஓய்வு தருகிறார்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயும் இவ்வாறு பிறந்ததே. லொம்பார்டியைத் தன் கையில் வைத்திருந்த ஆஸ்திரியப் பேரரசு, அதை ஏனைய நாட்டோடு இணைக்க, கார்லோ தொனெகானி என்ற பொறியாளரைக் கொண்டு 1820க்கும் 1825க்கும் இடையே 2,757 மீட்டர் உயரத்தில் ஒரு சாலை அமைத்தது. பிராத்தோ ஊர்ப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண். முதல் உலகப்போருக்குப் பின் இருபுறமும் இத்தாலியாகிவிட, சாலை போட்ட காரணமே மறைந்தது. ஆனால் 1953இல் இத்தாலிய மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாக அங்கே ஏறியபோது, ஃபாவுஸ்தோ கோப்பி சுவிஸ் வீரர் ஹியூகோ கோப்லெட்டை அந்த ஏற்றத்தில் பின்தள்ளியதால், பேரரசின் படைச்சாலை மிதிவண்டியின் புனிதத் தலமாயிற்று. இன்றும் ஆண்டில் ஒரு நாள் மோட்டார் வண்டிகளை நிறுத்தி அச்சாலையை மிதிவண்டிகளுக்கு மட்டும் விடுகிறார்கள். மற்ற நாட்களில், குறிப்பாகக் கோடை விடுமுறைகளில், மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் தாங்க முடியாதது. விடியற்காலையில் ஏறிவிடுவதே நல்லது.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதில்தான் கவனம் வேண்டும். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடல், இறங்கும்போது எதிர்க்காற்றில் சில நிமிடங்களில் விறைத்துவிடும். பந்தய வீரர்கள் உச்சியில் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சின்மேல் திணித்துக்கொள்ளும் பழக்கம் இதனால் வந்தது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் சூடேறும் என்பதால், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்துப் பின்னர் விட்டுவிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் மற்றொன்றும் உண்டு: மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் குருட்டு வளைவுகளில் மூன்று சுரங்களில் ஒலி எழுப்பும். வில்லியம் டெல் பற்றிய ரோசினியின் இசைநாடகத்திலிருந்து எடுத்த ஒலி அது. டெல்லின் கதை நிகழ்வதும் இந்த ஊரி மாநிலத்தில்தான். அது கேட்டால் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இச்சாலைகள் இன்று மெதுவாகச் செல்பவருக்குக் கிடைத்திருப்பதற்குச் சுரங்கங்களே காரணம். கோஷெனெனுக்கும் அய்ரோலோவுக்கும் இடையே 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் 1882இல் திறந்ததும் அஞ்சல் வண்டியின் காலம் முடிந்தது, 1980இல் 16.9 கிலோமீட்டர் சாலைச் சுரங்கம் வந்ததும் லாரிகள் மலையை விட்டு நீங்கின. 2016இல் 57 கிலோமீட்டர் அடித்தளச் சுரங்கம் விரைவு ரயில்களுக்கு மலையேற்றமே இல்லாமல் செய்தது. அவசரமுள்ளவர் எல்லாம் உள்ளே போய்விட, மேலே அமைதி மிஞ்சியது. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. 1872இல் தொடங்கிய ரயில் சுரங்க வேலையில் பெரும்பாலோர் இத்தாலியக் கூலிகள். 30 பாகைக்கு மேற்பட்ட ஈர வெப்பத்திலும் வெடிமருந்துப் புகையிலும் உழைத்த அவர்களைப் பாறைச் சரிவும் வெடிவிபத்தும் கொன்றன. கொக்கிப்புழுவால் வந்த இரத்தசோகை எண்ணற்றோரை முடக்கியது. இறந்தோர் ஏறத்தாழ 200 பேர். 1875இல் கோஷெனெனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே உயிரிழந்தார்.

வடக்கிலிருந்து நடந்தோ மிதித்தோ வந்தவர் ட்ரெமோலாவின் கடைசி வளைவைக் கடந்து அய்ரோலோவில் இறங்கும்போது, எதிர்ப்படுவோர் சொல்லும் வணக்கம் ஜெர்மனிலிருந்து இத்தாலியனுக்கு மாறியிருக்கும். ஊர் திரும்ப ரயிலேற நிலையத்துக்கு வருவோர் அங்கே ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைப் பார்க்கலாம். சிற்பி வின்சென்சோ வேலா 1882இல் வடித்ததை, 1932இல் வெண்கலத்தில் வார்த்து அங்கே நிறுவினார்கள். அதில், சுரங்கத் தொழிலாளர் சிலர் இறந்துபோன தோழன் ஒருவனைப் பாடையில் சுமந்து செல்கிறார்கள்.