பட்டுப்புழுவுக்கும் சர்க்கரை ஏறும், தெரியுமா?

செவிலிமேட்டில் குழித்தறிக்குள் கால் விட்டு உட்கார்ந்து ஊடை ஓட்டுகிறவரிடம் பட்டைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார். அந்த இழையைக் கக்கும் புழுதான் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடுகிறவர்களுக்கும் உழைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். நாடாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்!

பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலையின் காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியுமே, அதில் சர்க்கரை வேஷம் கட்டிய பொருள்கள் இருக்கின்றன, தெரியுமா? அவற்றில் ஒன்று டிஎன்ஜே. சர்க்கரையை உடைக்கும் நொதி ஏமாந்துபோய் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதற்கு வேலையே ஓடாது. வேறு இனப் புழுக்களுக்கு இந்தப் பால் கட்டாயப் பத்தியம், உடம்பு தேறாது என்று 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பட்டுப்புழு மட்டும் அதே இலையைத் தின்று கொழுகொழுவென்று வளர்கிறதே, எப்படி? வேஷத்துக்கு ஏமாறாத தனி நொதி அதன் குடலில் இருக்கிறது!

டிஎன்ஜேயைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் மிக்லிடால் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. 1996-ல் அமெரிக்கா அனுமதித்தது. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சோறு மெதுவாகத்தான் சர்க்கரையாகும். செரிக்காத மிச்சம் பெருங்குடல் கிருமிகளுக்கு விருந்து. வயிறு உப்பும், காற்று பிரியும். கல்யாணப் பந்திக்கு முன் யோசித்துப் போட வேண்டிய மாத்திரை!

மருந்தைச் சோதிக்கவும் பட்டுப்புழு உதவும். அதன் தீவனத்தில் குளுக்கோஸைக் கலந்தால் அதன் ரத்தத்தில் சர்க்கரை எகிறும். மனித இன்சுலினை ஊசியில் ஏற்றினால் இறங்கும்! 2011-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். எலியை விட மலிவு; ஒரு தட்டு நிறைய நோயாளிகள். மனித இன்சுலின் புழுவிடம் வேலை செய்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பீர்கள், பாம்பிக்சின் கதை தெரிந்தால். புழுவை உருமாற வைக்கும் ஹார்மோனைத் தேடிப் போனவர்கள், அதன் மூளையில் இன்சுலினுக்குப் பங்காளியான பாம்பிக்சினைக் கண்டது 1984-ல்!

புழுவை விட்டு மனிதருக்கு வருவோம். பருமன், சர்க்கரை இரண்டையும் ஒரே அடியில் அடிக்க உதவும் இலக்கு எது தெரியுமா? ஜிஎல்பி-1. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஹார்மோன். கணையத்திடம் ‘இன்சுலினை விடு’ என்கிறது, மூளையிடம் ‘போதும், எழுந்திரு’ என்கிறது. ஆனால் ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்யும், சீக்கிரம் சிதையாத ஒன்று, ஹீலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் விஷத்தில் கிடைத்தது! கண்டவர் ஜான் எங், 1992-ல். 2005-ல் அது எக்ஸெனடைட் ஊசியானது. 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கு வந்த மவுஞ்சாரோ ஊசி, ஜிஎல்பி-1 வேலையோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பருமன் என்றால் தொப்பை தெரிய வேண்டும் என்கிறீர்களா? 2004-ல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீடு அச்சாக 22.3. உடம்புக் கொழுப்போ ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2. அந்த 21.2 யாருக்கு? பார்வைக்கு ஒல்லியான நம்ம புனேக்காரருக்கு!