வேலியும் குழியும் ஹெக்டேர் ஆகும் கணக்கு

புதுச்சேரிப் பக்கத்துத் திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டு 1048. ஊரில் நடந்த வேதக் கல்லூரிக்கும் பிற அறங்களுக்கும் 72 வேலி நிலம் விட்டதையும், அது ஆண்டுக்கு 12,000 கலம் நெல் அளந்ததையும் அது சொல்கிறது. படித்தவர்கள் 260 பேர், ஆசிரியர்கள் 12 பேர். சரி, 72 வேலி என்பது எத்தனை ஹெக்டேர்?

இந்தக் கணக்கைக் கணினியிடமே விடலாம். கல்வெட்டுகளை இப்போது எக்ஸ்எம்எல் கோப்புகளாகக் கணினியில் ஏற்றுகிறார்கள். அந்தக் கோப்பில் உரையும், அதில் எது என்ன என்ற குறிப்பும் மட்டுமே இருக்கும். அதை வாசிக்கத் தகுந்த பக்கமாக மாற்றித் தருவது எக்ஸ்எஸ்எல்டி. 1999 நவம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட மொழி. இதில் வரிசையாகக் கட்டளை போடுவதில்லை. ‘இன்ன உறுப்பு வந்தால் இன்னதை எழுது’ என்று விதிகளை எழுதி வைத்தால் போதும், பொருந்தும் விதி தானே வேலை செய்யும்.

கோப்பில் <அளவு எண்="72" அலகு="வேலி"/> என்று இருப்பதாகக் கொள்வோம். (எக்ஸ்எம்எல்லில் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பலர் வைப்பதில்லை.) எண்ணைத் தனியே குறிக்காமல் ‘௭௰௨ வேலி’ என்றே விட்டால் கணக்கு நடக்காது. ௧ முதல் ௯ வரை உள்ள குறிகளுக்கு 1 முதல் 9 வரை மாற்றி, மிச்சக் குறிகளை உதறச் சொன்னால் ௭௰௨ சரியாகவே 72 ஆகிவிடும். அதை நம்பி விட்டால், அடுத்து வரும் ௭௰ வெறும் 7 ஆகி நிற்கும்!

பெருக்கல் எளிது. எல்லாவற்றையும் முதலில் சதுர மீட்டராக்கி, அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போவதே நல்ல வழி. புதுச்சேரிப் பக்கம் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 5,351 சதுர மீட்டர். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஹெக்டேர்-ஆர்-சென்டியார் முறையில் எழுத, 10,000-ஆல் வகுத்து, மீதியை 100-ஆல் வகுக்க வேண்டும்: 0-53-51. முழுமையாக்குவதைப் பிரிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிரித்தபின் செய்தால் 99.6 சென்டியார் 100 ஆகி, ஓர் ஆராக ஏறாமல் அங்கேயே கிடக்கும்.

தஞ்சாவூர்க் குழி வேறு. 12 அடிக் கோல், 144 சதுர அடி, புதுச்சேரிக் குழியில் கால் பங்கு. அந்தக் கணக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, 2,88,000 சதுர அடி. 72 வேலி ஏறத்தாழ 193 ஹெக்டேர் வரும். ஆனால் சோழர் காலத்து மா எல்லா ஊரிலும் நூறு குழி அல்ல. 128 உண்டு, 256 உண்டு. கோலின் நீளமும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே வேலிக்கு ஒற்றைப் பெருக்கெண்ணை விதிக்குள் எழுதிவைப்பது தவறு. அலகு, ஊர், கோல் மூன்றையும் சேர்த்துத் தேடும் அட்டவணையைத் தனிக் கோப்பில் வைத்து, விதி அதைப் பார்த்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

கலத்தின் சிக்கல் வேறு மாதிரி. அது முகத்தல் அளவை; நெல்லின் வகையும் ஈரமும் தெரியாமல் கிலோவாக்க முடியாது. அட்டவணையில் விடை கிடைக்காத இடத்தில் செய்தி காட்டிவிட்டு வேலையை அங்கேயே நிறுத்தவும் எக்ஸ்எஸ்எல்டியில் கட்டளை உண்டு. ஆனால் ஒரு கலத்துக்காகக் கல்வெட்டு முழுவதையும் நிறுத்துவானேன்? கல்வெட்டில் உள்ள ‘12,000 கலம்’ என்பதையே மாற்றாமல் அச்சிடச் சொல்வதுதான் என் கட்சி.