வயிறு தரும் எச்சரிப்பு



பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்த நம்மில் அநேகருக்கு ஒரு கோப்பைத் தேநீரே காலை ஆகாரம்; மத்தியான போஜனமோ 3 மணிக்கு. வயிறு எரிந்தால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். வைத்தியரிடம் போவது அவிசுவாசம் என்று எண்ணி வியாதியை மறைப்பவர்களும் உண்டு.

வேதம் அப்படிப் போதிக்கவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் ஆலோசனை எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). 15 வருஷம் ஆயுசு கூட்டப்பட்ட எசேக்கியாவுக்கும் அத்திப்பழம் மருந்தாயிற்று (2 இராஜாக்கள் 20:6,7).

காரமும் கவலையுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1982-ல் ஆஸ்திரேலிய வைத்தியர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதற்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைக் கண்டறிந்தார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இக்கிருமியால் வரும் புண் ஏறக்குறைய 2 வார மருந்தினால் பெரும்பாலும் குணமாகிறது. நாமாகவே வாங்கி உட்கொள்ளும் வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அடையாளங்கள்:

1. இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி.
2. தார்போல் கறுத்த மலம். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதை வைத்தியரே தீர்மானிக்கட்டும்.)
3. திடீரென்று தாங்கமுடியாத வயிற்றுவலி, வயிறு கல்லாக இறுகுதல். வலது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும்.
4. நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், கைவலி. இது வாயு அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். 112-ஐ அழையுங்கள்.

சில நாட்களுக்குள் வைத்தியரைக் காணவேண்டியவை: விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கண் மஞ்சளாகுதல், 3 வாரத்துக்கு மேல் மலப்போக்கில் மாறுதல், மலத்தில் இரத்தம். மூலம் என்று நீங்களே தீர்மானித்து வெட்கத்தினால் மறைக்காதிருங்கள். அது குடல் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

வயிற்றுப்புண்ணோ நீரிழிவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே உபவாசியுங்கள். வலி அடங்கியவுடன் சாட்சி சொல்லிவிட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தாதிருங்கள். கிருமி முற்றிலும் ஒழியாவிட்டால் புண் திரும்பிவரும். முழு நாளும் மருந்தை உட்கொண்டு முடித்தபின் சொன்னாலும் சாட்சி சாட்சியே.

ஜெபித்துவிட்டுப் புறப்படுங்கள், ஆனால் புறப்படுங்கள். பரம வைத்தியராகிய கர்த்தர் உங்களுக்குப் பூரண சுகம் தருவாராக. ஆமென்.