சீட் கிடைத்தால் மட்டும் போதுமா? கறுப்பின மாணவர்களை விஞ்ஞானிகளாக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கதை!

"உங்கள் இடப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள். வலப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள். மூன்று பேரில் ஒருவர் இந்தப் படிப்பை முடிக்கப்போவதில்லை!"

அமெரிக்கக் கல்லூரிகளில், அறிவியல் வகுப்பின் முதல் நாளில் பேராசிரியர்கள் இப்படிப் பேசுவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். வகுப்பில் பலர் விலகிப்போனால், 'அந்த அளவுக்கு எங்கள் பாடம் தரமானது' என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. விலகிப்போனவர்களில் எல்லா இனத்து மாணவர்களும் இருந்தார்கள். ஆனால், கறுப்பின மாணவர்களின் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. பள்ளியில் நல்ல மார்க் வாங்கி, கனவோடு கல்லூரிக்கு வந்தவர்கள் முதல் வருடமே கெமிஸ்ட்ரியிலும் கால்குலஸிலும் அடிவாங்கி, வேறு படிப்புக்கு மாறினார்கள். அப்புறம் பிஹெச்.டி எங்கே, ஆராய்ச்சி எங்கே?

'திறமை இல்லை, அதனால் தேறவில்லை' என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை என்று நிரூபித்துக் காட்டியது, மேரிலேண்ட் மாநிலத்தின் பால்டிமோர் நகரையொட்டி இருக்கும் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். யு.எம்.பி.சி என்பது அதன் சுருக்கப் பெயர். 1966-ல் தொடங்கப்பட்டது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போல உலகப் புகழ்பெற்ற இடமெல்லாம் இல்லை.

12 வயதில் சிறை

இந்தக் கதையின் நாயகர் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி. 1950-ல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்று இருந்த காலம் அது. சிறுவன் ஃப்ரீமனுக்குக் கணக்கு என்றால் உயிர். தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்துகூட கணக்குப் போட்டுக்கொண்டிருப்பானாம். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சு அவன் காதில் விழுந்தது. 'குழந்தைகள் ஊர்வலத்தில் கலந்துகொண்டால், நல்ல பள்ளிகளில் படிக்கும் வாய்ப்பு கிடைக்கும்' என்பது அதன் சாரம்.

1963-ல் நடந்த சிறுவர் ஊர்வலத்தில் ஃப்ரீமனும் நடந்தான். அப்போது வயது 12. கைது செய்யப்பட்டு ஐந்து நாள்கள் சிறையில் இருந்தான். நல்ல பள்ளிக்காகச் சிறை சென்ற அந்தச் சிறுவன், 19 வயதில் கணிதத்தில் பட்டம் பெற்றான். 24 வயதில் டாக்டர் பட்டமும் வாங்கினான்.

ஒரு 'ஏ' கூட இல்லை!

1987-ல் ஹ்ரபௌஸ்கி யு.எம்.பி.சி-யில் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். மாணவர்களின் மதிப்பெண்களைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. அறிவியலின் மேல்நிலைப் பாடங்களில் அதுவரை ஒரு கறுப்பின மாணவர்கூட 'ஏ' கிரேடு வாங்கியதில்லை.

அந்த நேரத்தில்தான் ராபர்ட் மேயர்ஹாஃப் அவருக்கு அறிமுகமானார். பால்டிமோரைச் சேர்ந்த கொடையாளர். கறுப்பின இளைஞர்கள் என்றாலே குற்றச் செய்திகளில் மட்டும் காட்டப்படுவது மேயர்ஹாஃபை உறுத்திக்கொண்டிருந்தது. 'அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும்' என்றார் அவர். 'அவர்களை விஞ்ஞானிகளாக்கலாம்' என்றார் இவர். 1988-ல் மேயர்ஹாஃப் தம்பதி நிதி தந்தார்கள். 1989-ல் முதல் அணியாக 19 கறுப்பின மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே மாணவிகளும் சேர்க்கப்பட்டார்கள். 'மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ்' திட்டம் பிறந்தது இப்படித்தான்.

தனியாகப் படித்தால் தோற்போம்

உதவித்தொகை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் திட்டம் அல்ல இது. கல்லூரி திறப்பதற்கு முன்பே, கோடையில் ஆறு வாரப் பயிற்சியோடு தொடங்கிவிடும். கல்லூரிக் கணக்கும் அறிவியலும் எப்படி இருக்கும், நேரத்தை எப்படித் திட்டமிட வேண்டும், பேராசிரியரின் அறைக்குப் போய் எப்படிச் சந்தேகம் கேட்க வேண்டும் என எல்லாமே பாடம்தான். படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அப்பாவோ அக்காவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த மாணவர்களில் பலருக்குச் சொல்ல ஆள் இல்லை.

முதலாண்டு மாணவர்கள் அனைவரும் ஒரே விடுதியில் தங்க வேண்டும். குழுவாகத்தான் படிக்க வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரெய்ஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. மணிக்கணக்கில் படித்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்து, எங்கே தப்பு என்று விவாதித்தார்கள். 'நாம் மட்டும்தான் திணறுகிறோம்' என்ற பயம் அவர்களுக்கு வரவில்லை. கறுப்பின மாணவர்களும் சேர்ந்து படிக்க ட்ரெய்ஸ்மன் ஏற்பாடு செய்தார். மதிப்பெண்கள் ஏறின.

மேயர்ஹாஃப் திட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு பாடத்தில் 'சி' கிரேடு வாங்கினால், 'பாஸ்தானே' என்று விட்டுவிட மாட்டார்கள். அந்தப் பாடத்தை மறுபடியும் படிக்கச் சொல்வார்கள். அஸ்திவாரம் ஆடினால் அடுத்த மாடி நிற்காது என்பது அவர்கள் கணக்கு. பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களுக்கென்று தனிச் சங்கமே இயங்குகிறது.

சிபாரிசுக் கடிதம் யார் தருவார்?

அமெரிக்காவில் பிஹெச்.டி சேர மதிப்பெண் மட்டும் போதாது. ஆய்வகத்தில் வேலை செய்த அனுபவம் வேண்டும். 'இவர் நல்ல ஆராய்ச்சியாளராக வருவார்' என்று பேராசிரியர்கள் கடிதம் தர வேண்டும். ஆய்வகத்துக்குள் கால்வைக்காத மாணவரைப் பற்றி யார் கடிதம் எழுதுவார்?

அதனால், பட்டப்படிப்பின்போதே மாணவர்களை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கோடை விடுமுறையில் வேறு பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வு நிறுவனங்களிலும் இன்டர்ன்ஷிப் வாங்கித் தந்தார்கள். 'விஞ்ஞானியை உருவாக்க விஞ்ஞானிதான் வேண்டும்' என்பது ஹ்ரபௌஸ்கி அடிக்கடி வலியுறுத்தும் கருத்து.

பல குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு தகவலையும் அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் பெரும்பாலும் கடன் வாங்க வேண்டும். ஆனால், அறிவியலில் பிஹெச்.டி படிப்பவருக்குப் பொதுவாகக் கட்டணம் தள்ளுபடியாகும், மாத உதவித்தொகையும் கிடைக்கும். இது தெரியாமலே ஆராய்ச்சியைப் பற்றி யோசிக்காமல் போனவர்கள் ஏராளம்.

தடுப்பூசிக்குப் பின்னால் ஒரு மாணவி

இந்தத் திட்டத்தில் படித்தவர்களில் உலகம் அறிந்த பெயர், கிஸ்மேக்கியா கார்பெட். வட கரோலினாவில் வளர்ந்தவர். பள்ளி நாள்களிலேயே கோடைப் பயிற்சி மூலம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தை எட்டிப்பார்த்தவர். மேயர்ஹாஃப் மாணவியாக 2008-ல் யு.எம்.பி.சி-யில் பட்டம் பெற்று, 2014-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி முடித்தார். இலங்கைக் குழந்தைகளின் உடல் டெங்கு வைரஸை எப்படி எதிர்க்கிறது என்பதுதான் அவரது ஆய்வு. அதற்காகக் கொழும்பிலும் தங்கி வேலை பார்த்திருக்கிறார்.

பிறகு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கொரோனா வகை வைரஸ்களுக்கான தடுப்பூசி ஆய்வில் இறங்கினார். 2020 ஜனவரியில் புதிய வைரஸின் மரபணு வரிசை வெளியானபோது, அவரது குழு ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்த நிறுவனமும் மாடர்னாவும் சேர்ந்து உருவாக்கிய தடுப்பூசியை மனிதர்களுக்குச் செலுத்தும் சோதனை, அதே ஆண்டு மார்ச் 16-ம் தேதியே தொடங்கிவிட்டது. உலகமே தடுப்பூசிக்காகக் காத்திருந்த நேரத்தில், அந்தக் குழுவின் முன்னணி விஞ்ஞானியாக இருந்தவர் ஒரு கறுப்பினப் பெண்.

தற்செயலா, திட்டமா?

'திறமைசாலிகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தால், யார் வேண்டுமானாலும் சாதிக்கலாமே?' என்ற கேள்வி எழும். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். திட்டத்துக்குத் தேர்வாகியும் சேராமல் வேறு கல்லூரிக்குப் போன மாணவர்கள் உண்டு அல்லவா? அவர்களும் அதே அளவு திறமைசாலிகள்தான். இரண்டு தரப்பையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சேராதவர்களைவிட, மேயர்ஹாஃப் மாணவர்கள் அறிவியல் துறைகளில் பிஹெச்.டி பக்கம் போவதற்கான வாய்ப்பு சுமார் 5 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

'இதெல்லாம் ஹ்ரபௌஸ்கி என்ற தனிமனிதரின் சாதனை. வேறு இடத்தில் நடக்காது' என்றார்கள் சிலர். 2013-ல் பென் ஸ்டேட், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் இதே மாதிரியில் திட்டங்களைத் தொடங்கின. ஹ்ரபௌஸ்கி இல்லாத அந்த இடங்களிலும் ஆரம்பகட்ட முடிவுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்தன. 30 ஆண்டுகள் யு.எம்.பி.சி-யின் தலைவராக இருந்து, 2022-ல் ஓய்வு பெற்றார் ஹ்ரபௌஸ்கி. அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் வேலரி ஷியர்ஸ் ஆஷ்பி. கறுப்பினத்தைச் சேர்ந்த பெண் வேதியியல் விஞ்ஞானி.

மாறும் காற்று

சட்டச் சிக்கல்களும் வராமல் இல்லை. ஒரே இனத்தவருக்கு மட்டும் உதவித்தொகை தரக் கூடாது என்று வேறொரு வழக்கில் 1994-ல் தீர்ப்பு வந்தது. அதைத் தொடர்ந்து, 1996 முதல் மேயர்ஹாஃப் திட்டம் எல்லா இனத்து மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நல்ல மதிப்பெண்களோடு, அறிவியலில் எல்லாத் தரப்பினரும் வர வேண்டும் என்ற அக்கறையும் இருக்க வேண்டும்.

இப்போதைய சோதனை இன்னும் பெரிது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் தேசிய சுகாதார நிறுவனம், வாய்ப்புக் குறைந்த மாணவர்களை ஆராய்ச்சிக்குத் தயார்படுத்திவந்த பல பயிற்சித் திட்டங்களை நிறுத்தியது. கார்பெட்டைத் தயார்படுத்தியது போன்ற ஏணிகள்தான் இப்போது ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன.

எதிர்காலத்தில் என்ன சட்டம் வந்தாலும், 1989 முதல் யு.எம்.பி.சி செய்துகாட்டிய விஷயங்கள் பொய்யாகிவிடாது. கல்லூரிக்குள் நுழைவது ஒன்று, தாக்குப்பிடித்து மேலே போவது வேறு. சேர்ந்து படிக்க நான்கு நண்பர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பேராசிரியர், விடுமுறையில் ஓர் ஆய்வகம், சறுக்கினால் 'திரும்பப் படி, நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்ல ஓர் ஆள்... இவை இருந்ததால்தான் அந்த மாணவர்கள் மேலே போனார்கள்.

முதல் செமஸ்டரில் குறைந்த மார்க்கோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் 'உனக்கு இந்தப் படிப்பு சரிப்படாது' என்று சொல்வதற்கு முன், 'யாரோடு சேர்ந்து படிக்கிறாய்?' என்று ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம்!